மச்சாள் வகுத்த மலைப் பயணம்

யாழ்ப்பாணத்திலிருந்து எங்கே போவதென்றாலும் தெற்கேதான் போகவேண்டும். மற்றப் பக்கமெல்லாம் கடல். வியாழக்கிழமை தெற்கே சூலம். ஆகவே எங்கள் குடும்பத்தில் வியாழக்கிழமை ஒருவரும் தூரப் பயணம் வெளிக்கிடுவதில்லை. திங்கட்கிழமையும் சரிவரவில்லை, அது பங்குனித் திங்கள் விரதம். செவ்வாயில் நல்லதொன்றைத் தொடங்குவது வழக்கமில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த கையோடு வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிடக்கூடாது. சனி, ஞாயிறில் மலையில் சனம் நெருக்கும். இப்படி ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்துக் கடைசியில் புதன்கிழமைதான் மிஞ்சியது. மலைநாட்டுக்கு நாலு நாள் பயணம் போக நாள் பார்த்த கதை இது. மலையில் ஏறியது இதைவிடச் சுலபமாக இருந்தது.

நாள் பார்த்தவர் அத்தான், அதாவது என் கணவரின் அண்ணன். தெல்லிப்பழையில் இருக்கிறார். பஞ்சாங்கத்தைக் கேட்காமல் தலைமயிர்கூட வெட்டமாட்டார். ஆனால் பயணம் அவருடையதல்ல. அதை நினைத்தது, வகுத்தது, அதற்காகக் காத்திருந்தது எல்லாம் என் மச்சாள்தான். அத்தானுக்குத் தங்கச்சி, என் கணவருக்கு அக்கா. அவருடைய கணவர் மோட்டார் சைக்கிளில் வவுனியாவுக்குப் போய்த் திரும்பும் வழியில் விபத்தில் செத்துப்போனார். அதற்குப் பிறகு மச்சாள் உரும்பிராயில் எங்களோடு இருக்கிறார். இப்போது ஒன்பது வருடம்.

பகலில் ஊராருக்குச் சட்டை தைப்பார். மத்தியானம் சாப்பிட்ட பிறகு சுவரோடு சாய்ந்து கைத்தொலைபேசியில் வீடியோ பார்ப்பார். நாடகம் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தால், யாரோ ஒருவன் முதுகில் பையோடு மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தான். பேச்சில்லை, பாட்டில்லை, மூச்சிரைக்கிற சத்தம் மட்டும். மச்சாள் அதை ஒரு மணித்தியாலமாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அதற்குச் சில நாள் கழித்து, இரவுச் சாப்பாட்டு நேரத்தில், பிட்டுக்குச் சம்பல் போட்டுக்கொண்டே சொன்னார்.

"நான் ஒருக்கா உலக முடிவைப் பாக்கவேணும்."

என் கணவருக்குப் புரையேறிவிட்டது. ஹோர்ட்டன் சமவெளியில் மலை சட்டென்று முடிந்து கீழே பெரும்பள்ளமாக விழுகிற இடத்துக்கு அந்தப் பெயர் என்று மச்சாள் விளக்கவேண்டி வந்தது. எனக்கு இடம் பெரிதாகப்படவில்லை. 'வேணும்' என்று அவர் சொன்னதுதான் பெரிதாகப்பட்டது. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. தீபாவளிக்குச் சேலை எடுத்தால்கூட 'எனக்கெதுக்கு' என்றுதான் சொல்வார். இந்தப் பயணம் நடக்காமல் போனால் எங்களுக்கு ஒரு லீவு மிச்சம். ஆனால் அவர் இனி எதையும் கேட்கமாட்டார். அது எனக்கு அன்றைக்கே தெரிந்தது, அதனால்தான் நான் அத்தனை பேரோடும் சண்டை பிடித்தேன்.

முதல் சண்டை அத்தானோடு.

"நடக்கிறதுக்கு நுவரெலியா வரைக்கும் போகவேணுமே? உங்கை தோட்டத்தைச் சுத்தி நடவுங்கோவன்," என்றார்.

"தோட்டத்திலை பள்ளம் இல்லையே அண்ணை," என்றார் மச்சாள்.

"கிணறு இருக்கு."

சொன்ன பிறகு அவருக்கே அது நல்ல பகிடியாகப்படவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தானும் மனைவியும் வருவதாக ஒத்துக்கொண்டார். அத்தானிடம் ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் அவர் வாயால் ஒரு பிழை விடும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

மச்சாளின் திட்டம் நல்ல திட்டம். தையற்காரியின் கணக்கு, துணி வீண்போகாது. முதல் நாள் முழுக்க ஓட்டம், இரவு நுவரெலியாவில் தங்கல். அடுத்த நாள் விடிய முதல் எழும்பிப் பூங்காவின் வாசல் திறக்கும்போது அங்கே நிற்கவேண்டும். வெயில் ஏற ஏறப் பள்ளத்திலிருந்து பனி கிளம்பி எல்லாவற்றையும் மூடிவிடும், பிந்திப் போகிறவர்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். மூன்றாம் நாள் எல்ல என்ற ஊரில் சின்ன மலை ஒன்று, தேயிலைத் தோட்டத்துக்கூடாக ஏறுவது. நாலாம் நாள் வீடு. பூங்கா வாசலில் பொலித்தீனைப் பறித்துவிடுவார்கள் என்பதையும் அவர் அறிந்து வைத்திருந்தார். ஆகவே புளிச்சாதம் வாழையிலையில் கட்டுவது, வடையைப் பழைய பேப்பரில் சுற்றுவது, தண்ணீருக்கு உருக்குப் போத்தல் என்று முடிவானது. வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் யார் எங்கே இருப்பது என்பதையும் அவரே பிரித்தார். அத்தான் சாரதிக்குப் பக்கத்தில். நடுவில் நான், என் கணவர், அத்தானின் மனைவி. பின் இருக்கையில் பைகளோடும் தலையணைகளோடும் மச்சாள் தனியே. வளைவுகளில் அவருக்கு வயிற்றைப் பிரட்டும், தேசிக்காயை முகர்ந்துகொண்டு படுத்து வருவதற்கு அந்த இடம்தான் வசதி.

பிரச்சினை ஏற்றம்தான். எங்கள் ஊரில் ஏறுவதற்கென்று இருப்பது பனைமரம் மட்டும். நிலம் தோசைக்கல்லுப்போலத் தட்டை. பிறந்ததிலிருந்து தட்டையில் நடந்த கால் திடீரென்று மலையில் என்ன செய்யும் என்று மச்சாள் யோசித்தார். யோசித்து, மணற்காட்டைக் கண்டுபிடித்தார்.

மணற்காடு வடமராட்சிக் கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. குடாநாட்டில் ஏறி இறங்கக்கூடிய மேடு என்றால் அந்த மணல்மேடுகள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஸ்கூட்டியில் இரண்டுபேரும் போனோம். நெல்லியடியில் நிறுத்தி வடை வாங்கிக்கொள்வோம். மணலில் ஏறுவது சும்மா விளையாட்டல்ல, ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே இழுக்கும். நான் இரண்டாம் முறையிலேயே களைத்துச் சவுக்குமர நிழலில் இருந்துவிட்டேன். மச்சாள் புதிதாக வாங்கிய கன்வஸ் சப்பாத்தோடு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏறினார், இறங்கினார், திரும்பவும் ஏறினார். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தாள்.

"என்னத்தைத் துலைச்சுப்போட்டுத் தேடுறா அந்த அக்கா?"

"ஒண்டுமில்லை, பழகிறா," என்றேன்.

"என்னத்துக்கு?"

"மலையிலை ஏற."

அவள் கடலைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள். பிறகு தன் வலைக்குத் திரும்பிவிட்டாள். அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் உச்சியில் நின்று மச்சாள் கையைக் காட்டியபோது, அவர் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடியவர் என்பது ஞாபகம் வந்தது. அவரை அப்படி ஒரு முகத்தோடு நான் அதுவரை கண்டதில்லை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாசியில்தான் மலை வெளித்திருக்கும் என்று மச்சாள் சொன்னார். மாசியில் என் கணவரின் வெங்காயம் தரையில் இருந்தது. வெங்காயத்துக்குத் தண்ணீர் முறை தப்பினால் அவருக்கு நித்திரை வராது. ஆகவே கிண்டிக் கட்டிய பிறகு, பங்குனியில், அத்தான் சொன்ன அந்தப் புதன்கிழமையில் வெளிக்கிடுவதென்று முடிந்தது. காலை ஏழு மணிக்கு நல்ல நேரம். ஏழரைக்கு எமகண்டம் தொடங்குவதால் அதற்கு முதல் வான் அசைந்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணை முழுவியளத்துக்கு நிற்கச் சொல்லியாகிவிட்டது.

முழுவியளம் என்றால், வீட்டை விட்டு வெளிக்கிடும்போது முதலில் எதிரே வருகிற முகம். அது நல்ல முகமாக இருந்தால் போன காரியம் சரிவரும் என்பது நம்பிக்கை. பொட்டும் தாலியுமாக ஒரு பெண் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தால் அதைவிட நல்லதில்லை. தற்செயலாக வருகிற முகத்துக்குத்தான் அந்தப் பலன் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், அதற்கு முதல் நாளே ஆள் பேசி வைப்பார்கள்.

புருஷன் இல்லாத பெண் எதிரே வரக்கூடாது என்பதும் அதே நம்பிக்கையின் மறுபாதி. மச்சாளிடம் இதை யாரும் எங்கள் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவேண்டி வரவில்லை. என் கணவர் சந்தைக்கு வெங்காயம் ஏற்றினாலும், அத்தான் இங்கே வந்து தங்கி வழக்குக்கு நீதிமன்றம் போனாலும், வெளிக்கிடுகிற சத்தம் கேட்டதும் மச்சாள் கிணற்றடிக்குப் போய்விடுவார். வாகனத்தின் சத்தம் ஒழுங்கை முடிவில் அடங்கிய பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வருவார். ஏதோ வேலைக்குப் போய் வந்தவர்போல இருக்கும். பார்த்துப் பார்த்து எங்கள் கண்ணுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

அத்தானும் மனைவியும் முதல் நாளே வந்து எங்களோடு தங்கிவிட்டார்கள். புதன்கிழமை காலை வான் வந்தது. சாரதி நெல்லியடிப் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும், சிரித்த முகம். பைகளை ஏற்றினோம். மச்சாளின் கைப்பையும் தலையணையும் பின் இருக்கையில் முதலே ஏறிவிட்டன. வழமையாக வானை ஒழுங்கை முனைப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தித் தேங்காய் உடைப்போம். அன்றைக்கு அத்தான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நேரம் போகுது. இஞ்சையே உடைப்பம். பிள்ளையாருக்கு உது விளங்கும்," என்று எங்கள் வாசல் கேற்றடியிலேயே உடைத்தார்.

சாரதி வானின் நாலு சில்லுகளுக்கும் அடியில் தேசிக்காய் வைத்தார். கற்பூரம் எரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் குடத்தோடு எதிரே வந்து, எல்லாம் தெரிந்தும் தெரியாதவள்போல, "தூரப் பயணமோ?" என்று கேட்டாள். எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டு ஏறினோம். கதவு மூடியது, தேசிக்காய் நசிந்தது, வான் கிளம்பியது. கோயிலடியில் நிற்காமல் போனோம்.

கோப்பாய் தாண்டிக் கடல்நீரேரிப் பாலத்துக்கு வந்தபோது அத்தானின் மனைவி பின்பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார்.

"மச்சாள், அந்தப் பிளாஸ்கை ஒருக்கா எடுங்கோ."

பிளாஸ்க் வரவில்லை. நித்திரையாக்கும் என்று என் கணவர் திரும்பிப் பார்த்தார். தலையணைக்குமேல் தலையணை இருந்தது. அவர் எழும்பி ஒன்றைத் தூக்கிப் பார்த்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வரும். ஐம்பது வயது மனுசி தலையணைக்குக் கீழேயா இருப்பார்? நான் அவருடைய தொலைபேசிக்கு எடுத்தேன். அது பின் இருக்கையில், கைப்பைக்குள் அடித்தது.

"சரி, பதற வேண்டாம்," என்றார் அத்தான். "வெளிக்கிட்டாப் பிறகு திரும்பக்கூடாது. பக்கத்து வீட்டுக்கு எடுத்துச் சொல்லுவம், ஆட்டோவிலை சாவகச்சேரிக்கு வரட்டும். நாங்கள் நிண்டு ஏத்துவம்."

"ஆரின்ரை பயணம் இது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அவவின்ரை பயணத்துக்கு அவ ஆட்டோவிலை பின்னாலை வாறதோ?"

"திரும்பினால் தடங்கல் பிள்ளை. நான் எல்லாருக்கும்தான் சொல்லுறன்."

"தடங்கல் ஏற்கெனவே நடந்திட்டுது அத்தான். இனி என்ன தடங்கல்?"

என் கணவர் சாரதியின் தோளில் தட்டினார். சாரதி அதற்குள்ளேயே வேகத்தைக் குறைத்திருந்தார்.

"நான் திருப்பிறன் அண்ணை. பாதையெல்லாம் அந்த அக்காதான் எனக்குச் சொன்னவ. அவ இல்லாமல் நான் எங்கையெண்டு போறது?"

திரும்பி வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யார் பிழை என்று கேட்டால் வானில் இருந்த எல்லோருடைய பிழையும்தான், அதனால் ஒருவரும் கேட்கவில்லை.

முன்கதவு பூட்டியபடி இருந்தது. வளவைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். மச்சாள் கிணற்றடியில் வெறுங்காலோடு நின்று கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பயணத்துக்கென்று தானே தைத்த நீலச் சுரிதார் போட்டிருந்தார். சப்பாத்து இரண்டையும் கயிற்றால் ஒன்றாக முடிந்து, வேலிக் கதியால் தடியில் கொழுவியிருந்தார். என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தார்.

"என்னத்தையும் விட்டிட்டுப் போட்டியளோ?" என்று கேட்டார்.

எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது.

"உங்களைத்தான் மச்சாள்."

அவர் சொன்னதைக் கோர்த்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. வான் வழமைபோலக் கோயிலடியில் நிற்கும், தேங்காய் உடைக்கும் நேரத்தில் தான் பின்வேலி இடைவெளிக்குள்ளால் போய், ஓசைப்படாமல் ஏறிவிடலாம் என்பது அவர் திட்டம். வெளிக்கிட்டாகிவிடும், யாருக்கும் எதிரே வந்ததாகவும் இராது. அப்படியே போய்க் கோயில் மதிலுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். வான் நிற்காமல் போயிருக்கிறது.

"கையைக் காட்டியிருக்கலாமே?"

"முன்னாலை வரவேணுமெல்லே?"

"எங்களுக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம். பக்கத்து வீட்டிலை போன் இல்லையோ?"

மச்சாள் கத்தரிப் பாத்தியைப் பார்த்தார். "நீங்கள் யோசிச்சுத்தான் விட்டிட்டுப் போறியள் எண்டு நினைச்சன். தூரப் பயணம்தானே. ஆருக்கும் ஒரு பயம் இருந்திருக்கும்."

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. பஸ் பிந்திவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குப் பின்னால் அத்தான் வந்து நின்றதை நான் அப்போதுதான் கண்டேன். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கவேண்டும். மனுசன் எட்டிக் கதியாலில் இருந்த சப்பாத்தை எடுத்து, முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவருக்கு அது அவிழவில்லை.

"நான் நிக்கிறன் அண்ணை. நீங்கள் போட்டு வாங்கோ. நேரமும் போட்டுது," என்றார் மச்சாள்.

"நேரம் கிடக்கட்டும்," என்றார் அத்தான். "நீ முன்னாலை இரு. நான் பின்னாலை இருக்கிறன்."

மச்சாள் முடிச்சை அவிழ்த்தார், காலைக் கழுவினார், சப்பாத்தைப் போட்டார். வானின் முன் இருக்கையில் ஏறியபோது எமகண்டம் தொடங்கிக் கனநேரமாகியிருந்தது. அத்தான் தலையணைகளுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தாரா, நித்திரையா என்று தெரியவில்லை. வழியில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சில்லுக்குக்கூடக் காற்றுப் போகவில்லை. முன்னால் இருந்ததால் மச்சாளுக்கு வயிற்றைப் பிரட்டவும் இல்லை.

அடுத்த நாள் பூங்காவின் வாசல் திறந்தபோது நாங்கள் வரிசையில் முன்னுக்கு நின்றோம். புல்வெளி உறைபனியில் நரைத்துக் கிடந்தது. அத்தானும் மனைவியும் முதல் ஓடையடியில் வடையை விரித்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். என் கணவர் நிலத்தின் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, இதில் வெங்காயம் வராது என்றார். மச்சாள் முன்னால் நடந்தார், நான் பின்னால் மூச்சிரைக்க. மணற்காடு வீண்போகவில்லை, அவருக்குத்தான்.

உலக முடிவுக்கு வந்தபோது பனி இன்னும் ஏறவில்லை. நிலம் அப்படியே முடிந்து, கீழே, நம்பமுடியாத ஆழத்தில், தேயிலைத் தோட்டங்களும் ஒரு சின்ன வீதியும் தெரிந்தன. மச்சாள் நெடுநேரம் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. ஒரு கல்லில் இருந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கினார்.

"பிழை என்ரை திட்டத்திலைதான்," என்றார். "வான் கோயிலடியிலை நிக்கும் எண்டு நம்பியிருக்கக் கூடாது. அடுத்தமுறை எல்லாருக்கும் முதலே நான் போய் வானுக்குள்ளை படுத்திடுறன். ஆருக்கும் எதிரை வரவும் மாட்டன், ஆரும் விட்டிட்டுப் போகவும் மாட்டினம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "உந்த விசர்க்கதையை விடுங்கோ மச்சாள். இவ்வளவு படிச்சுப் பாத்துத் திட்டம் போடுற நீங்கள் உந்த முழுவியளத்தை நம்புறியளோ?"

"நானோ?" அவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். "என்ரை அவர் வவுனியாவுக்கு வெளிக்கிட்ட அண்டைக்குக் கேற்றடியிலை எதிரை நிண்டது நான்தானே. பொட்டும் தாலியுமா, குடத்திலை தண்ணியும் வைச்சுக்கொண்டு."

பள்ளத்திலிருந்து பனி மேலே வரத் தொடங்கியிருந்தது. அவர் எழும்பிக் கையைத் தட்டினார்.

"எனக்குத் தெரியும், அதிலை ஒண்டும் இல்லை. அண்ணைக்குத் தெரியாது. பயப்பிடுவர், பாவம். அதுதான் நான் பின்னுக்குப் போறனான்."